இருப்புக்கொள்ளாத பிள்ளைகள்: தொடக்கப் பள்ளி இருக்கை பற்றி ஒரு மறுபரிசீலனை

1. கேள்வி

2025 ஜூலையில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை, வகுப்பறை இருக்கைகளை ‘ப’ வடிவில் போடச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கடைசி பெஞ்சு என்ற ஒன்றே இருக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ என்ற மலையாளப் படமும், அதைப் பார்த்துக் கேரளப் பள்ளிகள் சில செய்துகொண்ட மாற்றமும் இதற்குத் தூண்டுதல் என்று செய்திகள் கூறின. உடனே விவாதம் மூண்டது. பக்கவாட்டில் அமரும் பிள்ளைக்குக் கழுத்து வலிக்கும், கண்ணுக்குச் சிரமம் என்றார்கள் சிலர். நாற்பது பேரை அடைத்திருக்கும் அறையில் ‘ப’வை எங்கே போடுவது என்று கேட்டார்கள் வேறு சிலர். ‘மாப்பிள்ளை பெஞ்சு’ ஒழிந்தால் சரி என்று வரவேற்றவர்களும் உண்டு.

எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் ஓர் அனுமானத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் வடிவம் ஒன்று உண்டு, அது எது என்பதில்தான் தகராறு என்பதே அந்த அனுமானம். எந்த வடிவத்தில் பெஞ்சைப் போட்டாலும் அதில் உட்கார முடியாமல் தவிக்கும் பிள்ளையைப் பற்றி யாரும் பேசவில்லை. நம் வீடுகளில் அந்தப் பிள்ளைக்குப் பெயர் உண்டு. ‘காலில் சக்கரம் கட்டியவன்’ என்போம். ‘ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது’ என்போம்.

ஆட்டிசம், ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு-மிகையியக்க நிலை, டிஸ்லெக்சியா போன்ற நரம்பியல் வேறுபாடுகள் கொண்ட குழந்தைகளுக்காக, பொதுப் பள்ளி வகுப்பறையின் இருக்கை முறையை நெகிழ்த்த வேண்டும் என்ற கருத்து மேலை நாடுகளில் வலுவாக ஒலிக்கிறது. பந்து இருக்கை, காற்றடைத்த மெத்தை, நின்றபடி எழுதும் மேசை என்று அதற்கொரு சந்தையும் உருவாகிவிட்டது. இந்தக் கருத்துக்கு உள்ள சான்று எவ்வளவு, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை, தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிக்கு அதில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சொற்களும் எண்களும்

மூளைகள் பலவிதம், அந்தப் பன்மை இயற்கையானது என்ற பொருளில் ‘நரம்பியல் பன்மை’ என்ற கருத்து 1990களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தது. ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கரின் பெயர் அதோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஒரு குழந்தையிடம் என்ன குறை என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அந்தக் குழந்தைக்கும் அதன் சூழலுக்கும் இடையே எங்கே பொருந்தவில்லை என்று பார்க்கச் சொல்வது இக்கருத்தின் பயன். இருக்கை பற்றிய விவாதத்துக்கு அடிப்படையே இந்தப் பார்வைதான்.

நம் அரசு ஆவணங்கள் வேறு மொழி பேசுகின்றன. ஆட்டிசம் உள்ளவர்களை அவை ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று குறிக்கின்றன. இந்தச் சொல் பிரச்சினையைத் தலைகீழாக்கிவிடுகிறது. மின்விசிறியின் கரகரப்பு, பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டுக் கோரஸ், சத்துணவுக் கூடத்திலிருந்து வரும் தாளிப்பு வாசனை ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் உள்ளே புகுந்து திணறும் பிள்ளைக்குப் புற உலகம் இல்லாமலில்லை. அளவுக்கு மீறி இருக்கிறது.

எண்ணிக்கையிலும் இது சிறிய விஷயமன்று. இந்தியாவின் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளை ஆராய்ந்து, 2018இல் நரேந்திர அரோரா குழுவினர் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு நரம்பியல் வளர்ச்சிக் குறைபாடு இருப்பதாக மதிப்பிட்டது. 6 முதல் 9 வயதுப் பிரிவில் இந்த விகிதம் இடத்துக்கு இடம் 6.5 முதல் 18.5 விழுக்காடு வரை வேறுபட்டது. செவித்திறன் குறைபாடு, வலிப்பு போன்றவையும் இதில் அடங்கும் என்பதால் இந்த எண்ணை அப்படியே இருக்கைப் பிரச்சினையோடு பொருத்திவிட முடியாது. ஆனாலும் முப்பது பேர் உள்ள ஒரு வகுப்பில் இத்தகைய பிள்ளை ஒருவராவது இருக்க வாய்ப்பு மிகுதி என்று கொள்வதில் தவறில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உள்ளன. ஏடிஎச்டி இல்லை. அதாவது, இருக்கையில் அமர்வதில் மிக வெளிப்படையாகத் தடுமாறும் பிள்ளைகளில் ஒரு பெரும் பகுதி, அடையாள அட்டை வழியாக வரும் எந்த உதவிக்கும் வெளியே நிற்கிறது. சான்றிதழ் வந்த பிறகே சலுகை என்ற நடைமுறை இருக்கை விஷயத்தில் ஏன் பயன்படாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

3. பெஞ்சு வந்த வழி

வகுப்பறை என்றாலே வரிசைப் பெஞ்சு என்பது நமக்கு இயற்கைபோலத் தோன்றுகிறது. அதன் வயது அதிகமில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு கிடையாது. பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதினார்கள். மூத்த பிள்ளையான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதிக்கு 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியின் மணல் எழுத்தைப் பார்த்துத் தம் விடுதியில் புகுத்தினார். பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தெடுத்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்று அது பெயர் பெற்றது. அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் லண்டனில் வளர்த்த முறையில், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மேடையை நோக்கி வரிசை வரிசையாகப் பெஞ்சுகளில் அமர்த்தப்பட்டார்கள். ஒரே ஆசிரியர் ஒரே பார்வையில் அனைவரையும் கண்காணிக்க வேண்டும் என்பதே அந்த வரிசையின் தேவை. கற்றலுக்கு உகந்தது என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட வடிவமன்று அது.

திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகக் காட்டுவது இங்கே நோக்கமில்லை. கோதண்டமும் குதிரையேற்றமும் அங்கே நிலவிய தண்டனைகள். பெஞ்சு வந்தபின் தண்டனையும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டது. ‘பெஞ்சு மேல் ஏறு’ என்பது தமிழ்ப் பள்ளிகளில் தலைமுறைகளாக ஒலித்த ஆணை. கவனிக்க வேண்டியது, இந்த இரண்டு உலகங்களிலும் உடலை அசையாமல் வைத்திருப்பதே ஒழுக்கத்தின் அளவுகோலாக இருந்தது என்பதைத்தான். கை கட்டி, வாய் பொத்தி இருக்கும் பிள்ளை ‘சமத்து’. காலாட்டும் பிள்ளையைப் பள்ளி மட்டும் கண்டிப்பதில்லை. உட்கார்ந்து காலாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று பாட்டியும் கண்டிப்பார்.

இந்த அளவுகோலை எதிர்த்த முக்கியமான குரல் மரியா மாண்டிசோரியுடையது. அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுடன் பணியாற்றியபின், 1907இல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் ‘குழந்தைகள் இல்லத்தை’த் தொடங்கினார். பிள்ளையே தூக்கிப் போகும் அளவு எடை குறைந்த மேசை நாற்காலி, தரையில் விரித்து வேலை செய்யச் சிறு விரிப்பு, எழுந்து நடக்க அனுமதி ஆகியவை அந்த இல்லத்தின் அடிப்படைகள். 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அவர் அடையாறு வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தினார். போர்க்காலத்தில் இத்தாலியர் என்பதால் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டபோது கொடைக்கானலில் தங்கினார். நெகிழ்வான இருக்கை என்பது நேற்று முளைத்த மேலை நாட்டு மோகம் என்று தள்ளிவிடுவோர் இரண்டை நினைவில் கொள்ள வேண்டும். அந்தக் கருத்து, அன்றைய பள்ளி ஏற்க மறுத்த குழந்தைகளிடமிருந்து கற்ற ஒருவரிடம் உருவானது. தமிழ் மண்ணில் அது கால் வைத்தும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

4. அசைவு ஏன்? இரு விளக்கங்கள்

இருப்புக்கொள்ளாத பிள்ளை ஏன் அசைகிறது என்பதற்கு இரண்டு வெவ்வேறு விளக்கங்கள் உண்டு. நடைமுறையில் இவை ஒன்றாகக் குழப்பப்படுகின்றன.

முதலாவது, அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏர்ஸ் 1970களில் விரித்துரைத்த புலன் ஒருங்கிணைவுக் கோட்பாடு. உடலின் சமநிலையை உணரும் உட்காதும், தசை மூட்டுகளிலிருந்து வரும் நிலையுணர்வும் சில குழந்தைகளின் மூளையில் சரிவர ஒருங்கிணையவில்லை. ஆகவே அவர்கள் ஆட்டத்தையும் அழுத்தத்தையும் தேடுகிறார்கள், அல்லது அவற்றைக் கண்டு விலகுகிறார்கள் என்பது இதன் சாரம். பந்து இருக்கையும் அசையும் மெத்தையும் இந்தக் கோட்பாட்டின் பிள்ளைகள். ஆனால் இதை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சைகளின் பயன் குறித்த சான்று போதுமானதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல் எச்சரித்தது.

இரண்டாவது விளக்கம் உளவியலாளர் மார்க் ராப்போர்ட்டும் அவரோடு பணியாற்றியவர்களும் முன்வைத்தது. ஒரு தகவலை மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டே அதன்மேல் வேலை செய்யும் திறனைப் பணிநினைவு என்பார்கள். பல இலக்கக் கூட்டலில் ‘மனத்தில் ஒன்று’ வைத்துக்கொள்வது அதற்கு எளிய எடுத்துக்காட்டு. ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளுக்குப் பணிநினைவின் மேல் சுமை ஏறும்போது அசைவும் கூடுகிறது. 2015இல் சார்வர் குழுவினர், 8 முதல் 12 வயது வரையுள்ள ஏடிஎச்டி சிறுவர்கள் 29 பேரையும் மற்றச் சிறுவர்கள் 23 பேரையும் ஒப்பிட்டார்கள். ஏடிஎச்டி சிறுவர்கள் கூடுதலாக அசைந்தபோது அவர்களுடைய பணிநினைவுச் செயல்திறன் உயர்ந்தது. மற்றச் சிறுவர்களுக்கு அப்படி உயரவில்லை.

ஆய்வகத்தில், சிறிய குழுவில், சிறுவர்களிடம் மட்டும் செய்த ஆய்வு இது. அந்த வரம்புகளோடே இதன் உட்பொருள் கனமானது. கணக்குப் போடும்போது காலாட்டும் பிள்ளையை ‘ஆடாமல் உட்கார்’ என்று அதட்டும்போது, கணக்குப் போட அது பிடித்துக்கொண்டிருந்த கொம்பையே நாம் பிடுங்கிவிடுகிறோமோ என்ற ஐயத்தை இது எழுப்புகிறது. அசையாமல் இருப்பதற்கே தன் கவனம் முழுவதையும் செலவிடும் பிள்ளைக்குப் பாடத்துக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது.

மறுபக்கமும் உண்டு. ஏடிஎச்டியில் மிகையியக்கமே இல்லாத வகை இருக்கிறது. சன்னலோரம் அமைதியாக, கை கட்டி, வேறெங்கோ இருக்கும் சிறுமி எந்த ஆசிரியரின் கண்ணையும் உறுத்துவதில்லை. ‘அடக்கமான பெண்’ என்ற பாராட்டோடு அவள் ஆண்டுகளைக் கடந்துவிடுகிறாள். அசைவு கவனமின்மைக்கு அடையாளம் என்று கொண்டால், அமைதி கவனத்துக்கு அடையாளமாகிவிடும். இரண்டுமே பிழை.

5. பொருள்களைப் பற்றிய சான்று

இனி, சந்தையில் கிடைக்கும் பொருள்களைப் பற்றிய சான்றைப் பார்க்கலாம். ஷில்லிங் குழுவினர் 2003இல், நான்காம் வகுப்பில் படித்த ஏடிஎச்டி உள்ள மூன்று பிள்ளைகளைப் பெரிய பந்தின்மேல் உட்காரவைத்துக் கவனித்தார்கள். இடத்தில் தங்குவதும், படிக்கும்படியான எழுத்தில் எழுதிய சொற்களும் கூடின. அடுத்த ஆண்டு ஷில்லிங்கும் ஷ்வார்ட்ஸும் ஆட்டிசம் உள்ள நான்கு சிறுவர்களிடம் இதே போன்ற முன்னேற்றத்தைப் பதிவு செய்தார்கள். 2008இல் ஃபைஃபர் குழுவினர், கவனிப்பதில் சிரமம் உள்ள இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 63 பேரைக் கொண்டு, காற்றடைத்த வட்ட மெத்தையைச் சோதித்தார்கள். மெத்தையில் அமர்ந்தவர்களின் கவனம் மேம்பட்டதாக ஆசிரியர்கள் மதிப்பிட்டார்கள். யார் மெத்தையில் அமர்ந்திருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியும் ஒன்று. மதிப்பிடுபவரின் எதிர்பார்ப்பு அந்த மதிப்பீட்டில் கலந்துவிட வாய்ப்புண்டு.

இவற்றுக்கெல்லாம் உரைகல்லாக அமைவது பகாடெல் குழுவினரின் 2010ஆம் ஆண்டு ஆய்வு. ஆட்டிசம் உள்ள ஆறு சிறுவர்கள் அதில் பந்து இருக்கையைப் பயன்படுத்தினார்கள். அசைவை மிகத் தீவிரமாகத் தேடிய ஒரு சிறுவனுக்கு மட்டும் இடத்தில் தங்குவது மேம்பட்டது. மற்றவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் தெரியவில்லை. உடலை நிமிர்த்தி நிறுத்தும் வலிமை குறைந்த பிள்ளைகளோ, பந்தின்மேல் அமர்ந்தபோது பாடத்தில் முன்னைவிடக் குறைவாகவே ஈடுபட்டார்கள். விழாமல் இருப்பதே அவர்களுக்கு முழுநேர வேலையாகிவிட்டது என்று இதை விளக்கலாம். ஒரே பொருள் ஒருவனுக்கு மருந்தாகவும் இன்னொருவனுக்குப் பாரமாகவும் அமைந்தது.

கையில் வைத்துச் சுழற்றும் ‘ஃபிட்ஜெட் ஸ்பின்னர்’ இன்னொரு பாடம். ஏடிஎச்டி உள்ள சிறு குழந்தைகளிடம் கிராசியானோ குழுவினர் செய்து 2018இல் வெளிவந்த ஆய்வில், அந்தப் பொம்மை கவனத்தைக் குலைத்தது. பிள்ளையின் கண்ணைப் பாடத்திலிருந்து பிடுங்கிக்கொள்ளும் அசைவும், பிள்ளை கவனிக்காமலே நடக்கும் காலாட்டம் போன்ற அசைவும் ஒன்றாகா.

இருக்கை அமைப்பைப் பற்றிய சான்று இவற்றைவிடப் பழையது. இவற்றைவிட உறுதியானது என்றும் சொல்லலாம். ஹேஸ்டிங்ஸும் ஷ்வீசோவும் 1995இல் இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளிகளில் கண்டது இது: தனித்துச் செய்ய வேண்டிய வேலையின்போது குழு மேசையைவிட வரிசையில் பிள்ளைகள் வேலையில் கூடுதலாக நிலைத்தார்கள், எளிதில் கவனம் சிதறும் பிள்ளைகளுக்கே அந்த நன்மை அதிகம். இத்தகைய எட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த வன்னார்காவும் ரூலும் 2008இல் இதையே ஒட்டிய முடிவுக்கு வந்தார்கள். வேலை தனியாளுடையதானால் வரிசை. கலந்து பேச வேண்டியதானால் குழுவோ அரைவட்டமோ.

இந்தக் கடைசிச் செய்தி நெகிழ்வு இருக்கையின் ஆதரவாளர்களுக்குச் சங்கடமானது. வரிசையை உடைத்துக் குழுவாக்குவதே முற்போக்கு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் நரம்பியல் வேறுபாடுள்ள பிள்ளைகளில் பலருக்கு, எதிரே ஐந்து முகங்கள் இல்லாத, முதுகுக்குப் பின்னால் யாரும் நடமாடாத, பழைய பாணித் தனி இடமே ஆறுதல். வரிசையையும் ஒரு தெரிவாக வைத்துக்கொள்ளாத நெகிழ்வு, பெயரளவில் மட்டுமே நெகிழ்வு.

6. நம் கண்முன் நடந்த சோதனை

தமிழ்நாட்டில் பெஞ்சு இல்லாத வகுப்பறை பெரிய அளவில் நடந்தேறியிருக்கிறது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையைத் தழுவி, அரசு அதிகாரி எம்.பி. விஜயகுமாரின் முன்முயற்சியில் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08இல் மாநிலம் முழுவதும் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளின் தொடக்க வகுப்புகளை அது எட்டியது. ஆசிரியரும் பிள்ளைகளும் பாயில் அமர்ந்தார்கள். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை வந்தது. பாடங்கள் அட்டைகளாகப் பிரிந்து, சுவரில் தொங்கிய ஏணிப்படியில் வரிசைப்பட்டன. பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடத் தலைக்குமேல் கம்பிப் பந்தல் கட்டினார்கள்.

இந்த வகுப்பறையை நம் கேள்வியோடு மறுபடி பார்த்தால் இரண்டு உண்மைகள் தெரிகின்றன.

முதல் உண்மை, அசைவு அங்கே சட்டபூர்வமாக இருந்தது. பிள்ளை எழுந்து போய் ஏணிப்படியில் தன் இடத்தைப் பார்க்க வேண்டும். அட்டையை எடுக்க வேண்டும். அந்த அட்டைக்குரிய குழுவைத் தேடி உட்கார வேண்டும். முடித்தபின் கரும்பலகைக்குப் போக வேண்டும். ‘எங்கே எழுந்து போகிறாய்’ என்ற கேள்விக்கு இடமே இல்லை. படிப்பின் வேலைக்குள்ளேயே நடை அடங்கியிருந்தது. எந்தப் பந்து இருக்கையும் தர முடியாத ஏற்பாடு இது. நரம்பியல் வேறுபாடுள்ள பிள்ளைகளுக்காக என்று யாரும் இதைத் திட்டமிடவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் கற்கட்டும் என்பதே குறிக்கோள். ஆனால் வேகத்துக்குத் தந்த விடுதலை உடலுக்கும் கிடைத்தது.

இரண்டாவது உண்மை கசப்பானது. அதே அறை சில பிள்ளைகளுக்குக் கடினமாகவும் இருந்திருக்கும். கான்கிரீட் கூரையின் கீழ் பல குழுக்கள் ஒரே நேரத்தில் பேசும் ஓசை, தலைக்குமேல் ஆடும் தாள்கள், நொடிக்கு நொடி மாறும் பக்கத்து முகங்கள் எல்லாம் ஒரே அறையில். அளவுக்கு மீறி அலங்கரித்த அறையில் மழலையர் கூடுதலாகக் கவனம் சிதறிக் குறைவாகக் கற்றார்கள் என்று 2014இல் ஃபிஷர் குழுவினர் காட்டினார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைச் சுவர்க் காட்சிகள் மற்றவர்களைவிட அதிகம் ஈர்த்துப் பாடத்திலிருந்து விலக்குகின்றன என்று 2017இல் ஹான்லி குழுவினர் எழுதினார்கள். கம்பிப் பந்தலை இந்தக் கண்ணோடு பார்த்தால், படைப்பைக் கொண்டாடிய அதே கம்பி சிலருடைய கவனத்தை அறுத்திருக்கும். தரையும் எல்லார்க்கும் சமமில்லை. தசை இறுக்கம் குறைந்த பிள்ளைக்குச் சம்மணமிட்டு நெடுநேரம் நிமிர்ந்திருப்பது பெரும்பாடு. அது சுவரில் சாயும், கையை ஊன்றும், கடைசியில் படுத்துவிடும். நாம் அதைச் சோம்பல் என்போம்.

2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது. எழுத்தறிவும் எண்ணறிவும் கற்றல் இடைவெளியும் அதன் அக்கறைகள், அவை நியாயமானவை. ஆனால் இருக்குமிடத்தைத் தீர்மானிப்பது பிள்ளையின் தேர்ச்சி நிலை என்றானபின், ‘இந்தப் பிள்ளைக்கு எங்கே உட்கார்ந்தால் வேலை ஓடும்’ என்ற கேள்வி மீண்டும் பின்னுக்குப் போகிறது.

7. மறுப்புரைகள்

நெகிழ்வு இருக்கைக்கு எதிராக ஆசிரியர்கள் சொல்லும் மறுப்புகள் சாக்குகளல்ல. மூன்றை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது இடமும் எண்ணிக்கையும். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க நிலையில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. ஆனால் 60 பேர் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பதும் அதே சட்டத்தின் அட்டவணைதான். இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் பள்ளியில், ஒரு பிள்ளை எழுந்து நடப்பது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. இதற்கு விடை, நெகிழ்வுக்கு எல்லை வகுப்பதில் இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பது வேறு. இந்த மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கலாம் என்பது வேறு.

இரண்டாவது நியாயம். ‘அவனுக்கு மட்டும் ஏன்?’ என்று மற்றப் பிள்ளைகள் கேட்பார்கள். ஒருவனுக்கு மட்டும் தனி மெத்தை போட்டால் சலுகையும் முத்திரையும் ஒன்றாகவே வந்து சேரும். தெரிவு எல்லார்க்கும் திறந்திருந்தால் இந்தக் கேள்வி வலுவிழக்கும். புதுமை தீர்ந்தபின் தேவைப்படுபவர்களே அதைத் தொடர்ந்து பயன்படுத்துவார்கள் என்று எதிர்பார்க்கலாம்.

மூன்றாவது, இது மருத்துவரின் வேலை, எங்கள் வேலை இல்லை என்பது. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் தினந்தோறும் பள்ளிக்கு வருவதில்லை. நாள் முழுவதும் பிள்ளையைப் பார்ப்பவர் வகுப்பாசிரியர் ஒருவரே. ‘ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற’ என்ற பழமொழி தெரிந்த ஊரில், ஒவ்வொன்றின் இயல்பையும் கண்டறிவதற்குச் சான்றிதழ் தேவையில்லை, அவதானிப்பு தேவை.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு பிள்ளையின் தேவைக்கும் ஏற்ற நியாயமான மாற்றங்களைப் பள்ளி செய்துதர வேண்டும் என்கிறது. அளவுக்கு மீறிய சுமையை ஏற்படுத்தாத மாற்றமே நியாயமான மாற்றம் என்று அது வரையறுக்கிறது. ஒரு பாயை இடம் மாற்றிப் போடுவது எந்தப் பள்ளிக்கும் அளவுக்கு மீறிய சுமையாகாது.

8. செய்யக்கூடியது

சான்று அனுமதிக்கும் அளவுக்குச் சொல்வதானால், தொடக்கப் பள்ளி வகுப்பறையில் மூன்று வகை இடம் போதும். ஒன்று, கலந்து பேசும் வேலைக்கான குழு இடம். இரண்டு, சுவரைப் பார்த்தபடி, அலங்காரமில்லாத, யாரும் குறுக்கே நடக்காத தனி இடம். மூன்று, நின்றபடி வேலை செய்யும் இடம். கீழ்மட்டக் கரும்பலகைக்கு மேலே சற்று உயரமான பலகையோ, அகலமான சன்னல் திண்டோ இதற்குப் போதும். தனி இடம் தண்டனை இடமாகிவிடக் கூடாது என்பது இதில் முதன்மையான விதி. ‘போய் மூலையில் உட்கார்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு அந்த மூலைக்கு எந்தப் பிள்ளையும் விரும்பிப் போகாது.

சிறுசிறு மாற்றங்கள் அதற்குப் பிறகு. நான்கு பேர் அமரும் பெஞ்சில் ஒருவன் காலாட்டினால் நால்வரின் எழுத்தும் ஆடும். அவனைப் பெஞ்சின் ஓரத்துக்கோ ஒற்றை நாற்காலிக்கோ மாற்றினாலே பாதிச் சண்டை தீரும். கால் தரையில் பாவாமல் தொங்கும் பிள்ளைக்குக் காலடியில் ஒரு பலகைக் கட்டை. காலால் உதைத்துக்கொண்டே இருப்பவனுக்கு, நாற்காலியின் முன்னங்கால்களுக்கு இடையே இழுத்துக் கட்டிய பழைய சைக்கிள் டியூப். சம்மணம் தாங்காத பிள்ளைக்குச் சுவரோரச் சாய்மானம். தன் எல்லை எது என்று தடுமாறும் பிள்ளைக்குத் தனக்கென ஒரு சிறு கோரைப்பாய். ஓயாமல் எழுபவனுக்கு நோட்டு விநியோகம், தண்ணீர்க் குடம் பார்ப்பது என்று எழுவதற்கு ஒரு காரணம்.

இவற்றில் எது யாருக்குப் பொருந்தும் என்பதைச் சோதித்தே அறிய வேண்டும். சோதனை எளியது. இரண்டு வாரம் பழைய இடம், இரண்டு வாரம் புதிய இடம், மறுபடி இரண்டு வாரம் பழைய இடம். ஒவ்வொரு நாளும் அதே அரை மணி நேரத்தில் பிள்ளை முடித்த கணக்குகள் எத்தனை, எழுதிய வரிகள் எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்தால் போதும். எத்தனை முறை எழுந்தான் என்பதை எண்ண வேண்டாம். வேலை கூடியிருந்தால் மாற்றம் நிலைக்கட்டும், கூடவில்லையென்றால் கைவிடலாம். மேலே சொன்ன ஆய்வுகள் பலவற்றின் தர்க்கமும் இதுவே.

இருக்கைக்கு மிகை மதிப்பும் தரக் கூடாது. இங்கிலாந்தின் 27 பள்ளிகளில் 153 வகுப்பறைகளை ஆராய்ந்த பாரெட் குழுவினர், ஓராண்டில் பிள்ளைகள் அடைந்த முன்னேற்றத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் 16 விழுக்காட்டை வகுப்பறையின் பௌதிகக் கூறுகளோடு தொடர்புபடுத்தினார்கள். ஒளி, காற்று, வெப்பம், நிறம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. நெகிழ்வு அதில் ஒரு பகுதி மட்டுமே. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கு எந்த இருக்கையும் எழுத்துக்கூட்டக் கற்றுத் தராது. கற்பித்தல் உள்ளே போகத் தடையாக நிற்கும் ஒன்றை இருக்கை விலக்கலாம். அவ்வளவுதான்.

9. முடிவு

மேலே எடைபோட்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். சிறப்பு இருக்கைப் பொருள்களின் பொதுப்பயன் நிறுவப்படவில்லை. அவற்றை மொத்தமாக வாங்கிப் பள்ளிகளுக்கு அனுப்புவது வீண்செலவு. அசையாமையும் கவனமும் ஒன்று என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. சில பிள்ளைகளிடம் உண்மை அதற்கு நேர்மாறானது. குழுவா, வரிசையா, ‘ப’வா என்பது எந்த வேலைக்கு, எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டபிறகே விடை சொல்லக்கூடிய கேள்வி, அதற்குத் தலைமைச் செயலகத்திலிருந்து விடை அனுப்ப முடியாது.

ஆகவே அடுத்த சுற்றறிக்கை ஒரு வடிவத்தைக் கட்டளையிட வேண்டியதில்லை, பிள்ளைக்கேற்ற இடத்துக்கு அனுமதி தந்தால் போதும். ஆனால் அதுமட்டும் போதாது. வகுப்பைப் பார்வையிட வரும் கல்வி அலுவலர், நின்றபடி எழுதும் பிள்ளையைக் கண்டு ‘ஏன் இவன் உட்காரவில்லை?’ என்று கேட்கும்வரை, எந்த ஆசிரியரும் துணிந்து அந்த அனுமதியைத் தரமாட்டார். அலுவலர் அந்தப் பிள்ளையின் நோட்டை வாங்கிப் பார்க்கட்டும்.